சொந்த வலைப்பதிவுக்கு இனி இடம் உண்டா?

கேள்வி இதுதான்: எழுத ஆசை இருக்கிறது, சொல்ல விஷயமும் இருக்கிறது. சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்குவதா, ஏற்கெனவே கூட்டம் இருக்கும் பெரிய தளம் ஒன்றில் எழுதுவதா? பத்து வருடம் கழித்துத் தனி வலைப்பதிவு என்று ஒன்று மிஞ்சியிருக்குமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாகத் தொடங்குங்கள். பெரிய தளங்களை விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் எழுத்து குடியிருக்கும் இடம் ஒன்று, அதைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லும் இடம் வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டதால்தான் ஏராளமானவர்கள் எழுதியதை இழந்தார்கள். அதைவிட வலிப்பது, தங்களைத் தொடர்ந்து படித்துவந்தவர்களையும் இழந்தார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, வலைப்பதிவுகள் எங்கே சறுக்கின என்று பார்க்க வேண்டும். 'வெப்லாக்' என்ற சொல்லை 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு வலைப்பதிவு வைத்திருக்க எச்டிஎம்எல் தெரிய வேண்டும், கோப்புகளை சர்வரில் ஏற்றத் தெரிய வேண்டும். 1999இல் லைவ்ஜர்னலும் பிளாகரும் வந்த பிறகு, ஒரு பெட்டிக்குள் தட்டச்சு செய்து பொத்தானை அமுக்கினால் போதும் என்றானது. 2003இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளை வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் உரிமம். ஆக, எழுதி வெளியிடுவது இருபது வருடத்துக்கு முன்பே சுலபமாகிவிட்டது. சுலபமாகாமல் கிடந்தது படிப்பது. நாற்பது பதிவர்களைப் பிடித்திருந்தால், நாற்பது முகவரிகளுக்கும் போய் "புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறாரா" என்று எட்டிப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல தீர்வு இருந்தது: ஆர்எஸ்எஸ். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. ஒவ்வொரு வலைப்பதிவும் தன் புதிய இடுகைகளின் பட்டியலை ஒரு சிறு கோப்பாக வெளியிடும்; அதற்கு ஓடை என்று பெயர். வாசகர் தனக்குப் பிடித்த நாற்பது கோப்புகளையும் ஒரே திரட்டியில் சேர்த்துக்கொள்வார். யார் எழுதினாலும் அங்கே வந்து விழும். 2005இல் வந்த கூகுள் ரீடர் இந்த வேலையை அழகாகச் செய்தது, இலவசமாகவும் செய்தது. அதனால் மற்ற திரட்டிகள் பலவும் சுருங்கிப்போயின. அப்புறம் 2013 ஜூலை 1ஆம் தேதி, பயன்பாடு குறைந்துவிட்டது என்று சொல்லி, கூகுள் அதை மூடியது. வேறு திரட்டிகள் இருந்தன, சிலர் அங்கே போனார்கள். பெரும்பாலோர் போகவில்லை. அவர்கள் ஏற்கெனவே ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் இருந்தார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இதில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. 2006இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த நியூஸ் ஃபீட் ஒரு சாதாரண வாசகருக்கு உண்மையிலேயே வசதியானது. ஒரே இடத்தில் நண்பர்களும் இருக்கிறார்கள், எழுத்தும் வருகிறது, ஒரு சொடுக்கில் மறுமொழி சொல்லலாம். திரட்டி என்றால் என்ன, ஓடை முகவரியை எங்கே ஒட்டுவது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாசிப்பவரின் வசதியை நாங்கள், வலைப்பதிவர்கள், போதுமான அளவு யோசிக்கவில்லை. அந்த வேலையை ஒரு பெரிய நிறுவனம் இலவசமாகச் செய்துகொடுத்தபோது நிம்மதியாக ஒதுங்கிக்கொண்டோம். சுதந்திரமாக எழுதுகிறோம் என்று நினைத்திருந்த காலத்திலேயே, எங்களுக்கும் வாசகருக்கும் நடுவில் இருந்த கதவின் சாவி வேறொருவரிடம் இருந்தது.

ஆனாலும் ரீடர் போனதே தவிர ஆர்எஸ்எஸ் போகவில்லை. அதற்கு முதலாளி கிடையாது, அதனால் மூடவும் ஆள் இல்லை. இன்றைக்கும் எந்த வேர்ட்பிரஸ் பதிவின் முகவரிக்குப் பின்னால் சாய்வுக்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்தாலும் பெரும்பாலும் அந்த ஓடை வரும். பாட்காஸ்ட் முழுவதுமே அதன் மேல்தான் எழுந்தது. ஒலிபரப்பாளர் ஒரு ஓடையை வெளியிடுகிறார், கேட்பவர் தனக்குப் பிடித்த எந்தச் செயலியிலும் அதைக் கேட்கிறார். பெரிய நிறுவனங்கள் சில நிகழ்ச்சிகளைத் தங்கள் செயலிக்குள்ளேயே பூட்டிவைத்துப் பார்த்தன. இருந்தும் பாட்காஸ்ட் உலகத்தின் பெரும்பகுதி இன்னும் திறந்தே கிடக்கிறது. தனி வலைப்பதிவு செத்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

சரி, பெரிய தளத்துக்கு வருவோம். 'பெரிய நிறுவனம், அதனால் எப்போதும் இருக்கும்' என்பது பலரின் நம்பிக்கை. ஜியோசிட்டீஸை யாகூ 1999இல் முந்நூற்றைம்பது கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் முதல் இணையப் பக்கத்தை அங்கேதான் கட்டினார்கள். பத்தே வருடத்தில், 2009இல், மூடிவிட்டார்கள். ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் குழு அவசர அவசரமாகப் பிரதி எடுத்திருக்காவிட்டால் இன்னும் எவ்வளவோ போயிருக்கும். எளிமையான வலைப்பதிவுச் சேவை என்று பெயர் வாங்கிய போஸ்டரஸை ட்விட்டர் 2012இல் வாங்கி அடுத்த வருடமே மூடியது. கூகுள் பிளஸ் 2011இல் வந்து 2019இல் போனது. மைஸ்பேஸ் மூடக்கூட இல்லை. 2016க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போயிருந்தன. அதில் தனிமனிதர்களின் தளங்களும் உண்டு. சொந்த வலைப்பதிவு என்பதாலேயே நிலைத்துவிடாது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூடப்படுவதைவிட அடிக்கடி நடப்பது விதி மாறுவது. 2018 ஜனவரியில், நண்பர்களும் குடும்பத்தினரும் போடுவதற்கு முன்னுரிமை தரப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. பக்கம் தொடங்கி வருடக்கணக்கில் வாசகர்களைச் சேர்த்தவர்களின் இடுகைகள் அதே வாசகர்களுக்குப் போய்ச் சேருவது குறைந்தது. மீடியம் என்ற எழுத்துத் தளம் 2012இல் தொடங்கியது. சொந்த டொமைனில், அதாவது நாமே பதிந்துகொள்ளும் இணைய முகவரியில், எழுதும் வசதியை 2017இல் புதியவர்களுக்கு நிறுத்தியது, 2021இல் திரும்பக் கொடுத்தது. அதன் நிறுவனர் இவான் வில்லியம்ஸ்தான் முன்பு பிளாகரையும் ட்விட்டரையும் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். பதிவர்களின் மனம் தெரிந்த ஒருவர் நடத்திய தளத்திலேயே இப்படி என்றால், ஆள் நல்லவரா என்பது கேள்வியே இல்லை என்று புரிகிறது. 2023இல் ட்விட்டர், வெளி மென்பொருள்கள் தன்னோடு இணைவதற்கான ஏபிஐ விதிகளையும் கட்டணத்தையும் மாற்றியதும், வலைப்பதிவில் எழுதியதைத் தானாக அங்கே பகிரும் வசதி, வேர்ட்பிரஸை நிறுவாமலேயே எழுத இடம் தரும் வேர்ட்பிரஸ்.காம் சேவையில் நின்றுபோனது.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் அடியில் ஒரே காரணம் ஓடுகிறது. விளம்பரத்தில் பிழைக்கும் தளத்துக்கு, நீங்கள் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வருமானம். ஒரு சுட்டி உங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகிறது. ஆகவே சுட்டி தளத்துக்கு நஷ்டம். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் ஒரு முகவரியை எழுதினால் அது சொடுக்கக்கூடிய சுட்டியாக மாறாது. மற்ற தளங்களில் சுட்டி வைக்கலாம், ஆனால் சுட்டி உள்ள இடுகை குறைவான பேருக்கே போகிறது என்பது பதிவர்கள் பலரின் அனுபவம். என் அனுபவமும் அதுதான்.

வலைப்பதிவுக்கோ சுட்டிதான் உயிர். இதை உடம்பால் உணர்ந்தவர் ஈரானிய வலைப்பதிவர் ஹொசைன் தெரக்ஷான். 2008இல் கைது செய்யப்பட்டு ஆறு வருடம் சிறையில் இருந்தார். 2014இல் வெளியே வந்தபோது அவர் விட்டுப்போன இணையம் அங்கே இல்லை. ஒரு காலத்தில் அவர் கொடுத்த சுட்டி இன்னொரு பதிவருக்கு வாசகர் கூட்டத்தையே அனுப்பிவைக்கும். இப்போது அவர் ஃபேஸ்புக்கில் போட்ட சுட்டியை ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. தெரியாத ஒருவரின் பக்கத்துக்குப் போய், அவர் வழியாக இன்னொருவரிடம் போகும் பழக்கமே அற்றுப்போயிருந்தது என்பதுதான் அவர் துயரம். அந்த ஆறு வருடமும் நாம் வெளியேதான் இருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததால் நமக்கு அது தெரியவில்லை.

நானும் ஒரு பெரிய தளத்தில் மட்டுமே நான்கு வருடம் எழுதினேன். எண்ணிக்கை ஏறியது, மறுமொழிகள் வந்தன, மனம் நிறைந்திருந்தது. ஒரு நாள் முதல் என் இடுகைகளைப் பார்ப்பவர்கள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். என்ன மாறியது என்று கேட்க ஆளும் இல்லை, முகவரியும் இல்லை. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. வேறு இடத்துக்குப் போகிறேன் என்று என்னைத் தொடர்ந்த அந்த ஆயிரக்கணக்கானவர்களிடம் சொல்லக்கூட எனக்கு வழி இல்லை. அவர்கள் என் வாசகர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களில் ஒருவருடைய மின்னஞ்சல்கூட என்னிடம் இல்லை.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்னை யாராவது கேட்டால் இரண்டே விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். முகவரி யாருடையது? வாசகர் பட்டியல் யாருடையது? முதலாவதற்கு, சொந்த டொமைன் வாங்குங்கள். அதன் பின்னால் எந்த மென்பொருள் ஓடுகிறது என்பது இரண்டாம் பட்சம். பிளாகரில் இலவசமாக எழுதினாலும் சொந்த டொமைனைப் பொருத்தலாம். நாளைக்கு பிளாகரை மூடினாலோ உங்களுக்கே சலித்தாலோ, இடுகைகளை ஏற்றுமதி செய்து வேர்ட்பிரஸிலோ கோஸ்ட் என்ற இன்னொரு மென்பொருளிலோ வைத்து, டொமைனை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். இடுகைகளின் முகவரி அமைப்பையும் பழையபடியே வைத்துக்கொண்டால், பத்து வருடத்துக்கு முன் யாரோ கொடுத்த சுட்டிகூட வேலை செய்யும். வாசகருக்கு வீடு மாறியதே தெரியாது. கொஞ்சம் தொழில்நுட்பம் தெரியும் என்றால் ஜெக்கில், ஹியூகோ போன்ற மென்பொருள்கள் உண்டு; இடுகைகள் வெறும் உரைக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் மென்பொருள் தேர்வில் மூன்று மாதம் செலவழித்து ஒரு இடுகைகூட எழுதாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாவதற்கு மின்னஞ்சல். 2017இல் வந்த சப்ஸ்டாக், மின்னஞ்சல் மடலுக்குப் பணம் கொடுப்பார்கள் என்று காட்டியது. சந்தா வருமானத்தில் பத்து சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு வெளியேறலாம். அந்த ஒரு விதிக்காகவே அதை மற்ற பெருந்தளங்களோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் அதுவும் இப்போது தனக்கென்று செயலி, ஃபேஸ்புக் போலத் தனக்கென்று ஒரு ஃபீட், 'பின்தொடர்பவர்கள்' என்று வளர்ந்துகொண்டிருக்கிறது. மின்னஞ்சல் கொடுத்தவரும் வெறுமனே பின்தொடர்பவரும் ஒன்றல்ல. அங்கே எழுதுபவர்கள் முதலாமவரை எண்ணிக்கொள்ளுங்கள். 2013இல் தொடங்கிய கோஸ்ட் ஒரு லாப நோக்கமற்ற அமைப்பின் கையில் இருக்கிறது, சந்தாவில் பங்கு கேட்பதில்லை, ஆனால் ஹோஸ்டிங் செலவு, அதாவது தளத்தை சர்வரில் வைத்திருக்கும் செலவு, உங்களுடையது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: பெரும்பாலானவர்களுக்கு வராது. வந்தால் சந்தோஷம். வரும் என்று கணக்குப் போட்டுத் தொடங்கியவர்கள்தான் சீக்கிரம் நிறுத்துகிறார்கள்.

அப்படியானால் பெரிய தளங்கள் எதற்கு? அறிவிக்க. முதலில் உங்கள் தளத்தில் முழுதாக வெளியிடுங்கள், பிறகு ஒரு பத்தியையும் சுட்டியையும் மற்ற இடங்களில் போடுங்கள். சுட்டி உள்ள இடுகையை அந்தத் தளம் குறைவான பேருக்கே காட்டுகிறது என்று தெரிந்தால், முழு இடுகையையும் அங்கே ஒட்டி, அடியில் மூல முகவரியைக் கொடுங்கள். இண்டிவெப் என்ற இயக்கத்தினர் 2011 வாக்கிலிருந்து இதைத்தான் சொல்லிவருகிறார்கள். இன்னொரு வழியும் மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது. வெவ்வேறு தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் அங்கீகரித்தது. ட்விட்டர் போன்ற, ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத மாஸ்டடான் அதில்தான் ஓடுகிறது. வேர்ட்பிரஸில் ஒரு செருகுநிரலைப் போட்டால், உங்கள் வலைப்பதிவையே மாஸ்டடானில் இருப்பவர் நேரடியாகப் பின்தொடரலாம்; அவர் அங்கே எழுதும் மறுமொழி உங்கள் பதிவின் கீழே வந்து விழும். கூட்டம் இன்னும் சிறியதுதான். ஆனால் பிரிந்துகிடந்த எழுத்தும் வாசிப்பும் யாருடைய உடைமையும் ஆகாமல் மறுபடி ஒட்டுவதை இங்கே பார்க்கிறேன்.

இனி உண்மையான கவலைக்கு வருகிறேன். சமூக ஊடகங்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது எடுத்துக்கொண்டதாகவே இருக்கட்டும், தனி வலைப்பதிவுகள் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தது தேடுபொறியால். யாரோ எதையோ தேடி, ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் எழுதிய இடுகைக்கு வந்து சேர்வார். இந்த ஏற்பாட்டில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது: என் பக்கத்தை நீ எடுத்துக்கொள், பதிலுக்கு வாசகரை அனுப்பு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, 2024 மே மாதம் கூகுளே தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய விடையைக் காட்டத் தொடங்கிய பிறகு, அந்த ஒப்பந்தம் ஆட்டம் கண்டிருக்கிறது. பக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள். வாசகர் அங்கேயே விடை கிடைத்துத் திருப்தியாகிவிடுகிறார்.

தடுக்க முடியாதா என்றால், 1994 முதல் புழக்கத்தில் உள்ள ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற கோப்பில், பக்கங்களை வந்து எடுத்துப்போகும் செயற்கை நுண்ணறிவு எந்திரங்களுக்கு "உள்ளே வராதே" என்று எழுதிவைக்கலாம். அது வேண்டுகோள், பூட்டு இல்லை, மதிக்கிறவர்கள் மதிப்பார்கள். 2025 ஜூலையில், இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், தன்னிடம் புதிதாகச் சேரும் தளங்களில் இத்தகைய எந்திரங்களைத் தடுப்பதே இயல்பு அமைப்பு என்று ஆக்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் முழுக்கத் தடுத்தால், விடை சொல்லும் எந்திரங்கள் எப்போதாவது கொடுக்கும் சுட்டியும் கிடைக்காமல் போகலாம். இதில் எனக்கு உறுதியான அறிவுரை இல்லை. என் பதிவில் நான் தடுக்கவில்லை, என் நண்பர்கள் சிலர் தடுத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

இதனால் எந்த வகைப் பதிவுகள் அடிபடும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஏற்கெனவே பத்து இடங்களில் உள்ளதைத் தொகுத்து "இதைச் செய்வது எப்படி" என்று எழுதும் பதிவுகள். அவற்றை எந்திரம் இன்னும் வேகமாகத் தொகுத்துவிடும். எந்திரத்தால் எழுத முடியாதது, ஒருவர் தானே செய்து பார்த்து, எங்கே தவறினார், எவ்வளவு நாள் ஆனது, கடைசியில் எதை மாற்றினார் என்று தேதியோடு எழுதுவது. ஒரு விஷயத்தை ஏழு வருடம் விடாமல் கவனித்து, முன்பு நான் சொன்னது தப்பு என்று தானே திருத்தி எழுதுவது. உங்களிடம் அப்படிப்பட்ட விஷயம் இருந்தால் தயங்காதீர்கள். வாசகர் தேடி வருவது குறையும், ஆள் சொல்லி வருவது கூடும் என்று நினைக்கிறேன். பழைய வலைப்பதிவுகளின் பக்கவாட்டில் 'நான் படிப்பவை' என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதை மறுபடி வையுங்கள். பிடித்த இடுகை ஒன்றைப் படித்தால் அதற்குச் சுட்டி கொடுத்து நாலு வரி எழுதுங்கள். அதற்கு எந்த அல்காரிதத்தின் அனுமதியும் வேண்டாம்.

பத்து வருடம் கழித்து? எண்ணிக்கையில் வலைப்பதிவுகள் சிறுபான்மையாகவே இருக்கும். ஐம்பதாயிரம் பேர் பார்க்கும் இடுகை பெரிய தளத்தில்தான் நடக்கும். ஐந்நூறு பேர் தவறாமல் படிக்கும், அதில் இருபது பேர் பதில் எழுதும் இடமாக வலைப்பதிவு இருக்கும். ஐந்நூறு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து நீங்கள் பேசுவதைக் கேட்பதாக நினைத்துப் பாருங்கள், அது சின்ன எண்ணிக்கை இல்லை.

கடைசியில் வருகிறேன் என்று சொன்ன விஷயம். சொந்த வலைப்பதிவின் மிகப் பெரிய பலவீனம் அதன் சொந்தக்காரர்தான். டொமைனை நாம் வாங்குவதாகச் சொன்னாலும் உண்மையில் வாடகைக்கு எடுக்கிறோம். டாட் காம் போன்றவற்றில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்து வருடத்துக்குத்தான் பதிய முடியும். பணம் கட்டும் கடன் அட்டை காலாவதியாகி, நினைவூட்டல் பழைய மின்னஞ்சலுக்குப் போய், டொமைன் கைமாறி, நல்ல பதிவு ஒன்று இருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பதிவர் இறந்துவிட்டால் பெரும்பாலும் இதுதான் கதி. வேர்ட்பிரஸ்.காம் 2023இல் நூறு வருடத் திட்டம் ஒன்றை 38,000 டாலருக்கு அறிவித்தது. நம்மில் எத்தனை பேரால் முடியும்? முடிந்ததைச் செய்வோம். டொமைனை முடிந்த அளவு நீண்ட காலத்துக்குப் பதிந்துவைத்து, தானாகப் புதுப்பிப்பதையும் இயக்கிவையுங்கள். புது இடுகை போட்டதும் அதன் முகவரியை இணையப் பக்கங்களின் பிரதிகளைப் பாதுகாக்கும் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு முறை சேமித்துவிடுங்கள், அரை நிமிட வேலை. வருடம் ஒரு முறை முழுப் பிரதி எடுத்து வன்தட்டில் வையுங்கள். டொமைன் எங்கே இருக்கிறது, ஹோஸ்டிங் எங்கே, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். நான் என் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். வருடா வருடம் அந்தத் தாளை மாற்றிக் கொடுக்கும்போது, சமீபத்தில் எழுதியதில் எதைப் படித்தாய் என்று அவளிடம் கேட்பதும் வழக்கமாகிவிட்டது.